எங்கள் பிரேயர் ஹால்: மாணவியாக 7 வருஷம், டீச்சராக 26 வருஷம்

1984-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று இந்தக் கடப்பாக் கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. கல் அப்படி ஜில்லென்று இருந்தது. 1999 முதல் அதே ஹாலில் வரிசை ஒழுங்குபடுத்தும் டீச்சராக நிற்கிறேன்.

இதன் பெரிய பலம் மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக நிறுத்தி அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். பெண் பிள்ளைகள் படிக்கிற கூரையைப் பெண்களே அடித்து இறுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமை. இந்தக் கூரையால் உள்ளே குளுமையாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இந்த ஹாலில் இடம் விழுந்தால் சந்தோஷப்படுவார்கள்.

ஒருமுறை விரிசலுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துக்கொள்ளும். இரண்டே மழைக்காலத்தில் ஒரு உத்தரத்தின் நுனி இற்று, விரல் பட்டாலே உதிர்ந்தது. சிமென்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பிலேயே பூசிய பிறகுதான் ஒழுகல் நின்றது. பழைய கட்டடம் உள்ள பள்ளிகள் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

மைக் வைத்தால் எதிரொலிக்கும். வாயால் பாடினால் அவ்வளவு அழகு. தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிப்பதிவாகப் போடாமல் வாயால் பாடவேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தபோது நாங்கள் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை.

தேர்தல் என்றால் வாக்குச்சாவடி, மற்றபடி ஆண்டு விழா, தடுப்பூசி முகாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் இங்கேதான் தங்கின. விளக்கு மாட்டுகிற கொக்கியில் ஒரு அம்மா தூளி கட்டியிருந்தார். பிளஸ் டூ பெண் ஒருத்தி நனைந்த நோட்டின் ஒவ்வொரு தாளாகப் பிரித்து ஃபேனுக்கு அடியில் பரப்பிக்கொண்டிருந்தாள். அழிந்த பக்கங்களைத் தோழிகள் வந்து எழுதிக் கொடுத்தார்கள்.

குறை ஒன்று உண்டு. மேடைக்குப் படி மட்டும்தான். இந்த வருஷம் சக்கர நாற்காலியில் வரும் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளை கீழே இருந்தபடியே செய்தி வாசித்தாள். மேடை இரண்டடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்றால் சாய்தளத்துக்கு 24 அடி வேண்டும். இடது சுவரை ஒட்டி டேப் வைத்து அளந்தேன். இடம் இருக்கிறது.