சவுண்டு வராத லினக்ஸ் லேப்டாப்புக்கு ‘கெர்னல் ரீபில்டு’ பில்: கோவைக்காரர்கள் கவனத்துக்கு

லினக்ஸ் போட்ட லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்று கடைக்குக் கொண்டுபோகிறீர்களா? ‘கெர்னலையே திரும்ப பில்டு பண்ணணும்’, அதாவது லினக்ஸின் மையப் பகுதியையே புதிதாக உருவாக்கவேண்டும், என்று அங்கே யாராவது சொன்னால், லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் அந்தப் பெயரில் 3,500 ரூபாய் வாங்கினார்கள். கெர்னலைத் தொடவே இல்லை. அது போதாதென்று உள்ளே ஒரு வம்பையும் செய்து வைத்திருந்தார்கள்.

2022 ஜனவரி, கொரோனா மூன்றாம் அலை. பள்ளிகளை மூடி மறுபடி ஆன்லைன் வகுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். நான் கணக்கு டீச்சர். என்னுடையது புது லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11 போட்டிருந்தேன். வைஃபை, கேமரா எல்லாம் சரி. செட்டிங்ஸில் ஸ்பீக்கர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரு வரி. மைக்கும் இல்லை. அவசரத்துக்கு ஒரு கடைக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்தவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: “மேடம், இது விண்டோஸ் மாதிரி டிரைவர் போட்டு முடிக்கிற வேலை இல்லை. உங்க கெர்னல்ல சவுண்டு சப்போர்ட்டே ஏத்தலை. சோர்ஸ் இறக்கி முழுசா கம்பைல் பண்ணணும். ரெண்டு நாள் ஆகும்.” திரும்ப வாங்கும்போது சத்தம் வந்தது. பில்லில் ‘கெர்னல் ரீபில்டு – 3,500’ என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு புத்திமதியும் கிடைத்தது: “சிஸ்டம் அப்டேட் பண்ணாதீங்க, சவுண்டு போயிடும். போச்சுன்னா கொண்டுவாங்க, அடுத்த தடவை 1,500தான்.”

இந்தக் கதை எடுபடுவதற்குக் காரணம், ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்ததுதான். கெர்னல் 2.4 ஓடிய நாட்களில் சவுண்டு கார்டு வேலை செய்யவேண்டும் என்றால் மெனுவில் கார்டைத் தேர்ந்தெடுத்து கெர்னலைக் கம்பைல் செய்தவர்கள், அதாவது மூல நிரலிலிருந்து தாங்களே உருவாக்கியவர்கள், ஏராளம். 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்பிலேயே ஆல்சா என்ற ஒலி அமைப்பு கெர்னலோடு சேர்ந்து வந்துவிட்டது. இன்று டெபியன், உபுண்டு, ஃபெடோரா எதை எடுத்தாலும் ஒலி டிரைவர்கள் அனேகமாக எல்லாமே மாட்யூல்களாக, அதாவது தேவைப்படும்போது ஏறும் தனித் துண்டுகளாக, கூடவே வருகின்றன. வன்பொருளைக் கண்டதும் தானாக ஏறிக்கொள்ளும். பழைய உண்மையை வைத்துப் புதிய பில் போடுகிறார்கள்.

ஜூனில் அப்டேட் கொடுத்தபோது கெர்னல் பொட்டலத்தை (பேக்கேஜை) மட்டும் ‘நிறுத்தி வைத்திருக்கிறது’ என்று செய்தி வந்தது. எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் டீச்சரிடம் காட்டினேன். அவர் முதலில் ப்ராக் ஃபோல்டரில் இருக்கும் வெர்ஷன் என்ற ஃபைலைத் திறந்தார். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை யார், எந்தக் கம்பைலரால், எப்போது உருவாக்கினார்கள் என்று அதில் ஒரே வரியில் இருக்கும். கடைக்காரர் கம்பைல் செய்திருந்தால் அவர்கள் கம்ப்யூட்டரின் பெயரும் நான் கடைக்குப் போன தேதியும் இருந்திருக்கவேண்டும். இருந்ததோ டெபியன் கெர்னல் குழுவின் மின்னஞ்சல் முகவரி, தேதியும் நான் கடைக்குப் போவதற்கு முந்தையது.

“அப்ப என்னதான் பண்ணாங்க டீச்சர்?” என்றேன். “அதையும் பார்த்துடலாம்” என்று, டெபியனில் மென்பொருள்களை இன்ஸ்டால் செய்யும் ஆப்ட் என்ற கருவியின் பதிவேட்டைத் திறந்தார். எது எப்போது இன்ஸ்டால் ஆனது என்று டெபியன் அதில் எழுதி வைக்கும். பழைய மாதங்களைச் சுருக்கி அதே ஃபோல்டரில் போட்டுவிடும். ஜனவரிப் பதிவில் லேப்டாப் கடையில் இருந்த நேரத்தில் ஒரே ஒரு வேலை: ‘ஃபர்ம்வேர் சோஃப் சைன்டு’ என்ற பொட்டலம். தொடங்கியது 16:42:10, முடிந்தது 16:42:19. ஒன்பது வினாடிக்கு 3,500 ரூபாய்.

நோய் இதுதான். சமீப வருட இன்டெல் லேப்டாப்புகளில் ஒலியைக் கவனிக்க டிஎஸ்பி என்ற ஒரு தனிச் செயலி உண்டு. அதற்கு சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக சோஃப், என்ற ஃபர்ம்வேர் ஃபைல், அதாவது அந்தச் செயலியில் ஏறி ஓடும் மென்பொருள், வேண்டும். டிரைவர் கெர்னலில் தயாராக இருந்தாலும் அந்த ஃபைல் இல்லையென்றால் டிஎஸ்பி எழாது. டெபியன் 11 அதை இன்ஸ்டாலேஷனோடு தானாகப் போடவில்லை. 2022இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இன் இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருகின்றன. ஃபர்ம்வேர் கெர்னலுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருப்பது. அப்டேட் செய்தால் சவுண்டு போகும் என்பது சுத்தப் பொய்.

அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் வம்பு. கெர்னல் அப்டேட்டையே பூட்டி வைத்திருந்தார்கள். அந்த மார்ச் மாதம் ‘டர்ட்டி பைப்’ என்ற ஓட்டை வெளியே வந்திருந்தது: கெர்னல் 5.8 முதல் இருந்தது, சாதாரணப் பயனரும் ரூட் அதிகாரத்தை, அதாவது கம்ப்யூட்டரின் முழுக் கட்டுப்பாட்டை, பிடிக்கலாம். 5.10 வரிசையில் அதற்கான திருத்தம் 5.10.102இல் வந்தது. என் லேப்டாப் அதற்கு முந்தைய பதிப்பிலேயே நின்றது. மாணவர்களின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதில்தான் இருந்தது. 3,500 ரூபாயைக்கூட விட்டுவிடலாம், இதை எப்படி விடுவது?

பதிவேட்டை பிரின்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். “அதெல்லாம் உள்ளே பண்ணது மேடம், வெளியே தெரியாது” என்றார்கள். வெர்ஷன் ஃபைலைக் காட்டியதும் “பையன் புதுசு” என்றார்கள். பணம் தரமாட்டோம், அடுத்த சர்வீஸ் இலவசம் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் கொடுத்த பிறகு 2,000 ரூபாய் திரும்பி வந்தது. பில் கையில் இருந்ததால்தான் இதுவும்.

அத்தோடு விட்டிருப்பேன். சென்ற மாதம் பள்ளியில் ஒருவருடைய மகனுக்கு அதே கடையில் அதே வசனம், இப்போது 4,500. லேப்டாப்பைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டான். அவனுக்கு ஃபர்ம்வேர்கூடப் பிரச்சினை இல்லை. ஒலி அளவுகளைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் திறந்தால் ஸ்பீக்கர் பட்டைக்குக் கீழே ‘எம்எம்’ என்று நின்றது, அதாவது மியூட். அந்தப் பட்டைக்குப் போய் எம் பட்டனைத் தட்டினான், சரியாகிவிட்டது.

ஆகவே கடைக்குப் போகும் முன் மிக்சரைப் பாருங்கள். ஒலி எச்டிஎம்ஐ பக்கம் போகிறதா என்று பாருங்கள். டம்மி அவுட்புட் என்று வந்தால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையின் வெளியீட்டில் சோஃப் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மேலே சொன்ன சோஃப் பொட்டலத்தைப் போடுங்கள். மறுநாள் வகுப்பு என்று அவசரமாக இருந்தால் ஒரு யூஎஸ்பி ஹெட்செட் வாங்கிச் செருகுங்கள், அதற்கு இந்த ஃபர்ம்வேர் தேவையே இல்லை.

கெர்னலை மாற்றவேண்டிய லேப்டாப்பே கிடையாது என்று சொல்லவில்லை. சந்தைக்கு வந்த சூட்டோடு வாங்கிய சில மாடல்களில் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கான டிரைவர் அடுத்த கெர்னலில்தான் வரும். அப்போதும், பழைய வெளியீட்டுக்கும் புதிய பொட்டலங்களைத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸ் கிடங்கிலிருந்து புதிய கெர்னலை இன்ஸ்டால் செய்தால் போதும். கடைக்காரர் நிஜமாகவே கம்பைல் செய்து கொடுத்தால் வேறு தலைவலி: அதற்கு டெபியனிலிருந்து பாதுகாப்புத் திருத்தம் வராது, கையொப்பம் இல்லாததால், கையொப்பமிட்டதை மட்டும் ஓடவிடும் ‘செக்யூர் பூட்’ பாதுகாப்பையும் அணைக்கவேண்டியிருக்கும்.

இதே ஊரில் ‘கெர்னல் ரீபில்டு’ என்று பில் வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்த வெர்ஷன் ஃபைலில் என்ன வரி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். பூட்டி வைத்த பொட்டலங்களைக் காட்டும் ‘ஆப்ட்மார்க் ஷோஹோல்டு’ (apt-mark showhold) என்ற கட்டளையையும் கொடுத்துப் பாருங்கள். கெர்னல் பெயர் வந்தால் இன்றே பூட்டை எடுத்துவிட்டு அப்டேட் போடுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இவ்வளவு சின்னத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.