சிரங்கு, படர்தாமரை, அக்கி: இலை எங்கே போதும், டியூப் எங்கே வேண்டும்?

ஊரில் தோலில் எது வந்தாலும் கைவைத்தியம் சொல்ல ஆள் இருக்கும். சிரங்குக்குக் குப்பைமேனி, படர்தாமரைக்குச் சீமை அகத்தி, அக்கிக்குக் காவி. 'நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா' என்று மொத்தமாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். நோய்வாரியாகப் பார்த்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்.

முதலில் சொறி சிரங்கு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி என்று வரும். ராத்திரியில் அரிப்பு கூடும். மிகச் சிறிய பூச்சி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதுதான் காரணம். குப்பைமேனி இலையைக் கல்லுப்போடு அரைத்துப் பூசி, காய்ந்ததும் குளிப்பது பழைய வழக்கம். சொறிந்து புண்ணான இடத்தில் உப்பு பட்டால் பிள்ளைகள் துடித்துப்போவார்கள். சீழ் வைத்த சிரங்கில் இதைப் பூசவே கூடாது என்பேன். அந்தச் சீழில் இருக்கும் கிருமி சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தையே பாதிக்கும். அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய சிரங்கு.

வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்த விழுது இதைவிட மேல். எரிச்சல் குறைவு, ஓரளவு ஆதாரமும் உண்டு. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் சிரங்கு வந்த 814 பேருக்கு இந்த விழுதைப் பூசினார்கள். 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானது. ஆனால், வேறு மருந்து பூசிய இன்னொரு கூட்டத்தை அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதனால் நம்பிக்கை தரும் தொடக்கம் என்று மட்டும் சொல்லலாம்.

மருந்துக்கடையில் கிடைப்பது 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். ராத்திரி கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரு இடம் விடாமல் பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. விழுதைத் தினமும் அரைத்துப் பூசுவதோடு பார்த்தால் வேலை குறைவு, பலன் உறுதி. சிரங்கைப் பொறுத்தவரை என் ஓட்டு கிரீமுக்குத்தான்.

ஆனால் இலையானாலும் கிரீமானாலும் தோற்பது ஒரே இடத்தில். அரிக்கிறவருக்கு மட்டும் பூசிவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிறோம். அரிப்பு தொடங்காதவர் உடம்பிலும் பூச்சி இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரி பூச வேண்டும், பாய், போர்வை, துணிமணியெல்லாம் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். 'மருந்து கேட்கவில்லை' என்று அப்போது வேறொன்றுக்கு ஓட வேண்டாம்.

படர்தாமரை கதையே வேறு. இது பூஞ்சை. ஓரம் தடித்து, நடு வெளுத்து, வட்டமாகப் பரவும். வண்டுகொல்லி என்று சொல்லும் சீமை அகத்தியின் பச்சை இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவார்கள். அந்த இலையில் பூஞ்சையைத் தடுக்கும் கிரைசோபானிக் அமிலம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் இதே செடிக்கு அகபுல்கோ என்று பெயர். அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று. புதிதாக வந்த ஒன்றிரண்டு வட்டத்துக்கு இதைத் தாராளமாகப் பூசிப் பார்க்கலாம். தொடை இடுக்கு, இடுப்பு என்று பரவிவிட்டால் இலை போதாது. டெர்பினாஃபின் போன்ற பூஞ்சைக் களிம்பும் சிலருக்கு மாத்திரையும் வேண்டும். தடம் மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் பூசியாக வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது மூன்றாவது ஒன்றின் மேல். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த டியூப். பூசிய ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாக வரும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடையில் வரிவரியாகத் தழும்பு விழும். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இந்த டியூபையும் சீமை அகத்தியையும் பக்கத்தில் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இலையைத்தான் எடுப்பேன்.

அக்கிக்கு, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய் 'அக்கி எழுதுவது' இன்றும் நடக்கிறது. காவியைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றி வரைவார். குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்சம் காய்ந்தும் போகும். அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் நோய் என்பதால் பெயர் காவிக்குப் போகிறது. நரம்பில் இருக்கும் வைரஸைக் காவி தொடாது. அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். காவி எழுதியே தீர வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் மாத்திரையைத் தொடங்கிவிட்டு எழுதிக்கொள்ளட்டும், புண் உடையாமல் இருந்தால். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணருகிலோ வந்தால் மட்டும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும், பார்வையே போகலாம்.