நாக்சோஸுக்கு மெதுவான கப்பலில் போங்கள்

அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து மூன்று மாத விசாவில் மியூனிக் வந்திருந்தார்கள். ஷெங்கன் விசா என்பதால் கிரீஸுக்கும் அதுவே போதும். செப்டம்பர் கடைசி வாரத்தில் வியாழன், வெள்ளி, திங்கள் எனக்கு லீவு கிடைத்தது. சனி, ஞாயிறையும் சேர்த்தால் ஐந்து நாள். அப்பாவுக்கு இடது முழங்கால் வலி. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். இந்த இரண்டையும் மனதில் வைத்து ஒரு கிரேக்கத் தீவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாங்கள் போனது நாக்சோஸ். ஆனால் நான் இங்கே எழுத வந்தது தீவைவிட, அங்கே கொண்டுபோய் விட்ட கப்பலைப் பற்றித்தான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து நாக்சோஸுக்கு இரண்டு வகைக் கப்பல்கள் உண்டு. ஒன்று வேகக் கப்பல், மூன்றரை நான்கு மணி நேரத்தில் சேர்த்துவிடும். இன்னொன்று லாரி, கார், பைக் எல்லாவற்றையும் வயிற்றில் ஏற்றிக்கொண்டு போகும் பெரிய ஃபெரி. அதற்கு ஐந்தரை மணி நேரம். இருப்பதே ஐந்து நாள், அதில் எதற்குக் கப்பலில் இரண்டு மணி நேரத்தை வீணாக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மூன்று வருடம் முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது ஆகஸ்ட் மாதம். தோழி ஒருத்தியுடன் சாண்டோரினி போயிருந்தேன். திரும்ப ஏதென்ஸ் வர வேகக் கப்பலில் டிக்கெட், அன்று மாலையே விமானம். காலையில் போனில் குறுஞ்செய்தி வந்தது: காற்று அதிகம், கப்பல் ரத்து. ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும். மெல்டெமி என்பார்கள். வானம் பளிச்சென்று இருக்கும், மழை மேகம் ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் கடல் கொந்தளிக்கும். அதில் முதலில் நிற்பது வேகக் கப்பல்கள்தான். பெரிய ஃபெரிகள் அன்று ஓடிக்கொண்டிருந்தன, எங்களுக்குத்தான் இடமில்லை. டிக்கெட் பணம் திரும்ப வந்தது, விமானம் போனது போனதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குறுகிய விடுமுறையில் ஒரு நாள் நழுவினால் ஈடுகட்ட வேறு நாள் கிடையாது.

அதனால் இந்த முறை மூன்று முடிவு எடுத்தேன். ஒரே தீவு. பெரிய கப்பல். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில்.

புதன் மாலை அலுவலகம் முடிந்து விமானம் பிடித்தோம். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் மூன்றாம் வழித்தடம் 2022 முதல் நேராக பிரேயஸ் வரை போகிறது. மாற வேண்டியதில்லை, ஆளுக்கு 9 யூரோ, ஏறத்தாழ ஒரு மணி நேரம். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஹோட்டலில் தங்கினோம். காலை ஏழரைக் கப்பலுக்கு இதுதான் வசதி. பிரேயஸ் மிகப் பெரிய துறைமுகம். ஒவ்வொரு பகுதித் தீவுகளுக்கும் தனித்தனி வாசல், எண் போட்டிருக்கும். வாசல் எண்ணை முந்தைய இரவே பார்த்து வைத்துவிடுங்கள். தவறான வாசலுக்குப் போய்விட்டால் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட நடக்க வேண்டி வரலாம்.

கப்பலின் பின்பக்கம் ஒரு பெரிய இரும்புக் கதவு தரையில் படிந்திருக்கும். லாரிகள் ஏறும் அதே கதவு வழியாகத்தான் மனிதர்களும் ஏற வேண்டும். டீசல் வாசனை, விசில் சத்தம், முதுகுப் பக்கமாகவே உள்ளே நுழையும் லாரிகள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் இரும்பு அலமாரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு தீவின் பெயர். பாரோஸ், நாக்சோஸ், சாண்டோரினி. இறங்கும் தீவின் அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டு வெறுங்கையோடு மேலே போகலாம். மருந்து, பாஸ்போர்ட், ஸ்வெட்டர் மட்டும் கைப்பையில் இருக்கட்டும், ஏனென்றால் நடுவழியில் கீழே இறங்க விடமாட்டார்கள்.

அங்கிருந்து மேல்தளத்துக்கு எஸ்கலேட்டர். லிஃப்டும் உண்டு. முழங்கால் வலிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். வேகக் கப்பலில் பெரும்பாலும் விமானம் மாதிரி இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே நிற்க இடம் குறைவு. இங்கே அப்பா அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து தளத்தை ஒரு சுற்று நடந்து வந்தார். கால் மடக்கியே இருந்தால்தான் அவருக்கு வலி கூடும்.

சாதாரண டிக்கெட் ஒருவருக்கு ஐம்பது யூரோவுக்குள் வந்தது. வேகக் கப்பலுக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு கேட்டார்கள். சாதாரண டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். சில யூரோ கூடக் கொடுத்தால் எண் போட்ட இருக்கை கிடைக்கும். பெரியவர்களோடு போனால் அதை வாங்கிவிடுங்கள். நான் வாங்கினேன், ஆனால் அம்மா அதில் ஒரு மணி நேரம்தான் உட்கார்ந்தாள். ஏசி அவ்வளவு குளிர்.

இனி வெளித்தளம். காலைக் கப்பலில் போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். கப்பல் தென்கிழக்காகப் போகிறது, வடக்குக் காற்று இடப்பக்கத்தைத்தான் அடிக்கும். வலப்பக்கம் காற்று மறைவாகவும் இதமாகவும் இருக்கும். ஏறி ஒரு மணி நேரம் போல ஆனதும் மட்டும் இடப்பக்கம் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். தூரத்தில் சூனியன் முனை, அதன் உச்சியில் பொசைடன் கோயிலின் வெள்ளைத் தூண்கள், சாக்கட்டி நட்டு வைத்தது போல. கடல் தெய்வத்துக்குக் கட்டிய கோயில் என்று சொன்னதும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற கிரேக்கப் பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வெளித்தளத்தில் சிகரெட் புகை தாராளம். சாப்பாட்டுக் கடையில் விலை அதிகம், சைவத்துக்குக் கீரை அடைத்த பேஸ்ட்ரியும் சீஸ் அடைத்த பேஸ்ட்ரியும்தான். பிரேயஸில் ஒரு பேக்கரியில் எள்ளு ஒட்டிய வளைய ரொட்டி வாங்கி வந்திருந்தோம், அது கைகொடுத்தது. வைஃபை இருக்கிறது என்று நம்ப வேண்டாம். அரை மணி நேரம் தாமதமாகவும் சேர்ந்தது. எந்த நிறுவனத்தின் பெரிய கப்பலில் ஏறினாலும் இதற்கெல்லாம் தயாராக இருங்கள்.

பாரோஸில் பத்து நிமிடம் நின்றது. அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் நாக்சோஸ். விமானத்தில் போயிருந்தால் இந்த வருகை கிடைத்திருக்காது. துறைமுகத்துக்கு முன்னால் ஒரு சின்னத் திட்டு, அதன் மேல் ஒற்றை வாசல் நிற்கிறது. சுவர் கிடையாது, கூரை கிடையாது, ஆறு மீட்டர் உயரத்துக்குப் பளிங்குக் கல் நிலைப்படி மட்டும். போர்த்தாரா என்கிறார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அப்போலோவுக்குக் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலாம். கப்பல் அதைச் சுற்றித் திரும்பும்போது வாசலுக்குள் ஒரு கணம் நீலக் கடல், அடுத்த கணம் வெள்ளை வீடுகள் தெரிந்தன. அறிவிப்பு வந்ததுமே கீழே இறங்கி நின்றுவிட வேண்டும். கப்பல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பின்கதவு சங்கிலிச் சத்தத்தோடு தாழத் தொடங்கிவிடுகிறது. முதலில் ஒரு கீற்று வெளிச்சம், அப்புறம் நுரை, அப்புறம் கரை. இறக்கி ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிவிடுவார்கள். அம்மாவின் கையைப் பிடித்து நிதானமாக இறக்கிவிட்ட அந்தக் கப்பல் பணியாளருக்கு என் நன்றி.

ஏன் நாக்சோஸ் என்று கேட்பீர்கள். சைக்ளாடிஸ் தீவுக் கூட்டத்தில் இதுதான் பெரியது. சுற்றுலாவை மட்டும் நம்பியிராமல் விவசாயமும் மாடும் உள்ள ஊர். அறை வாடகை சாண்டோரினியில் நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. 2024 முதல் தங்குமிடத்தில் ஒவ்வோர் இரவுக்கும் பருவநிலை வரி என்று தனியாக வாங்குகிறார்கள், முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, அதற்கும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். நாங்கள் தங்கியது புனித ஜார்ஜ் கடற்கரைப் பக்கம். துறைமுகத்திலிருந்து கால் மணி நேர நடை. மணல் கடற்கரை, வெகுதூரம் போனாலும் இடுப்பளவு தண்ணீர்தான். அப்பா தினமும் காலையில் முழங்கால் முழுகும் ஆழத்தில் அரை மணி நேரம் நடந்தார். கோட்டைப் பக்கம் மட்டும் அவரைக் கூட்டிப்போகவில்லை. வெனிஸ்காரர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய பழைய ஊர் அது, முழுக்கப் படிகள்.

சாப்பாட்டுக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: நிஸ்தீசிமோ. கிரேக்கக் கிறிஸ்தவர்கள் நோன்பு நாளில் சாப்பிடும் உணவு, அதாவது இறைச்சி, முட்டை, பால் எதுவும் இல்லாதது. 'சைவம்' என்று ஆங்கிலத்தில் சொல்வதைவிட இது சட்டென்று புரிகிறது. ஆனால் நோன்பு உணவில் கணவாய், இறால் வரலாம், அது வேண்டாம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் இரவே ஃபாவா வந்தது. மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய், நறுக்கிய பச்சை வெங்காயம், எலுமிச்சை. அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது நம்ம பருப்பு மசியல்தானே, தாளிக்க மறந்துட்டாங்க" என்றாள். மூன்று இரவும் அதையே கேட்டாள். கூடவே நாக்சோஸ் உருளைக்கிழங்கு வறுவல், தடிமனாக வெட்டி ஆலிவ் எண்ணெயில் பொரித்தது. அந்த ஊர் கிழங்குக்கு கிரீஸ் முழுக்கப் பெயர். கிராவியேரா என்ற பசும்பால் சீஸும் பிரபலம். பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ந்திருக்குமா என்று பார்ப்பவர்கள் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா தொடவில்லை.

மூன்று நாளில் மறக்க முடியாதது ஹல்கி என்ற மலைக் கிராமம். துறைமுகத்துக்கு எதிரிலேயே பஸ் நிலையம், டிக்கெட்டை முன்னால் வாங்கிக்கொண்டு ஏறினால் அரை மணி நேரம். அங்கே 1896-லிருந்து நடக்கும் வல்லிந்த்ராஸ் என்ற பழைய வடிசாலை இருக்கிறது. கித்ரோன் என்ற மதுவைக் காய்ச்சுகிறார்கள். பச்சை, மஞ்சள், நிறமில்லாதது என்று மூன்று வகை. பச்சை இனிப்பு, மஞ்சள் கடுமை. செப்புக் கொப்பரையை இலவசமாகவே பார்க்கலாம். நாங்கள் யாரும் குடிக்கவில்லை. ஆனால் அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டபோது அங்கே வேலை செய்யும் பெண் ஓர் இலையை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா அதை நடுவில் கிள்ளி மூக்குக்குக் கொண்டுபோனாள். முகமே மாறிவிட்டது. நார்த்தை இலை! வீட்டில் காம்பு நரம்பை உருவி, மிளகாயும் ஓமமும் பெருங்காயமும் வைத்து வேப்பிலைக்கட்டி இடிக்கும் அதே இலை. பழத்தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் கரண்டியில் தருகிறார்கள், அது மதுக் கலக்காதது. இரண்டு பாட்டில் வாங்கினோம். நான் மொழிபெயர்க்க, வேப்பிலைக்கட்டி எப்படிச் செய்வது என்று அம்மா அந்தப் பெண்ணுக்குப் பத்து நிமிடம் விளக்கினாள். அவளும் ஒரு காகிதத்தை எடுத்துக் கிரேக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு காலைக் கப்பலில் திரும்பினோம். திரும்பும்போது காற்று மறைவு இடப்பக்கம் என்று அப்பாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எஸ்கலேட்டரில் முன்னால் ஏறிப்போய், காற்று வரும் திசையைப் பார்த்துவிட்டு, சரியான பக்கத்தில் மூன்று நாற்காலி பிடித்து வைத்திருந்தார்.