ரயருக்குக் காற்றடிக்கும் சின்னப் பம்: கொழும்பு போய் வந்த பிறகு

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், பெற்றோல் விற்கிற விலைக்கு ஒரு லீற்றர் மிஞ்சினாலும் எனக்குப் பெரிய விஷயம், அதனால்தான் காரில் செருகிக் காற்றடிக்கும் இந்தப் பம்மை ஸ்ரான்லி வீதியில் வாங்கினேன்.

விடியப்புறம், கார் ஓடாமல் ரயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்தேன். சாரதிக் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவு 33 பிஎஸ்ஐ, பின் வலது ரயரில் இருந்தது 24. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை! காற்றுக் குறைந்த ரயர் கூடுதலாக நசிந்து உருளும், எஞ்சின் கூடுதலாக இழுக்க வேண்டும், பெற்றோல் அங்கேதான் போகிறது. நாலு ரயரும் கால் மணித்தியாலத்தில் முடிந்தது. சத்தம் அதிகம். வயரும் கட்டை, பின் ரயருக்கு எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அப்புறம் கூரையில் சும்மா கிடந்த கரியரையும் கழற்றினேன். முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, ஏ9 வீதியில் 70இல் ஒரே சீராக ஓடினோம். போன முறையைவிட 2 லீற்றர் குறைவு. எல்லாம் பம்மால் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் தாராளமாக வாங்கலாம். ஸ்பெயர் ரயரையும் பாருங்கள், என்னுடையது பாதிக் காற்றோடுதான் கிடந்தது.