தூண்டில் கோல் நூல்கட்டு: எபாக்ஸியா, வார்னிஷா?

தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கோலில் நூல் சுற்றிக் கட்டியாகிவிட்டது. மேலே என்ன பூசுவது?

எபாக்ஸி ஒன்றிரண்டு பூச்சிலேயே கண்ணாடி போலத் தடிமனாக நிற்கும். ஆனால் கறாரான ஆள். பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரும் பெரும்பாலும் சரிபாதி; கண்மதிப்பு உதவாது, சிரிஞ்சில் அளக்க வேண்டும். அளவு பிசகினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது. பூசியபின் இறுகும்வரை, சில மணி நேரம், கோலை மோட்டாரில் மெதுவாகச் சுழலவிட வேண்டும். இல்லையென்றால் பூச்சு அடிப்பக்கம் வழிந்து தொங்கிவிடும். குமிழ் தெரிந்தால் ஸ்பிரிட் விளக்கின் சுடரைச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள், மேலேறி உடையும். வளையத்தின் கால் (நூலுக்கு அடியில் கட்டுண்ட பகுதி) ஓரத்து இடுக்கையும் எபாக்ஸி நிரப்பிவிடுவதால் தண்ணீர் எளிதில் புகாது.

வார்னிஷுக்கு மோட்டார் வேண்டாம், பொறுமை வேண்டும். மெல்லிய பூச்சு, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடுத்தது, ஐந்தாறு ஆகலாம். எடை ஏறாது, கோலின் வளைவையும் கெடுக்காது.

எதைப் பூசினாலும் சாதாரண நைலான் நூல் நிறம் கருக்கும். அது பிடிக்காதவர்கள் முதலில் நூலின் நிறத்தைக் காக்கும் கலர் பிரிசர்வர் திரவத்தைத் தடவலாம்.

கடல் மீனுக்கான கனத்த கோல் என்றால் யோசிக்காமல் எபாக்ஸி. செயற்கைப் பூச்சி இரையை வீசும் மெல்லிய மூங்கில் ஃப்ளை கோலுக்கு நான் வார்னிஷைத்தான் எடுப்பேன். அதில் எபாக்ஸி மொத்தையாகத் தெரியும்.