பெக்கில் குறையில்லை, பின்னில்தான் குறை

நின்றுகொண்டே கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு, மோட்டார் சைக்கிளோடு வரும் ரப்பர் பொதிந்த ஃபுட்பெக் (கால் வைக்கும் தாங்கி) எவ்வளவு குறுகலானது என்பதை அரை மணி நேரத்தில் உள்ளங்காலே சொல்லிவிடும். என் வண்டியில் இருந்த பழைய பெக்கின் அகலம் 38 மில்லிமீட்டர். அதற்கு மாற்றாக நான் வாங்கிய அலுமினிய பெக் 55 மில்லிமீட்டர் அகலமும், மேற்பரப்பில் திருகிப் பொருத்திய எஃகுப் பற்களும் கொண்டது. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எழுதும் மதிப்பீடு இது.

பெக்கின் வேலைப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வார்த்து எடுக்காமல், 6061 ரக அலுமினியக் கட்டியிலிருந்து குடைந்து எடுத்திருக்கிறார்கள். ஓரங்கள் மழுங்கச் சீவப்பட்டிருக்கின்றன. சேறு தங்காமல் கீழே விழுவதற்கு நடுப்பகுதி திறந்தே இருக்கிறது. ஈரமான பூட்ஸோடு ஏறி நின்றாலும் கால் வழுக்குவதில்லை. ஆனால் ரப்பர் போன இடத்தில் எஞ்சினின் அதிர்வு நேராகப் பாதத்துக்கு வருகிறது. உட்கார்ந்தபடி தார்ச் சாலையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை என்பது என் கருத்து. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கெண்டைக்கால் அந்தப் பற்களில் ஒருமுறை உரசினால் அந்தக் கருத்து இன்னும் வலுப்படும்.

பொருத்துவது கடினமான வேலையன்று. பொறுமை கேட்கும் வேலை. பெக்கை வண்டியின் பிராக்கெட்டோடு (தாங்கும் சட்டத்தோடு) இணைப்பது ஒரு பெரிய பின்; அது கழன்றுவிடாமல் அதன் முனைத் துளையில் போடும் இரட்டைக் கால் கம்பிதான் ஸ்பிளிட் பின். பழைய ஸ்பிளிட் பின்னின் கால்களை நோஸ் பிளேயரால் நிமிர்த்தி உருவி, பெரிய பின்னைத் தட்டி வெளியே எடுத்தபோது, அதன் நடுவே விரல் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்த பள்ளம் ஒன்று இருந்தது. அப்படிப் பள்ளம் விழுந்த பின்னை மீண்டும் போட்டால் புது பெக்கும் முதல் நாளே ஆடும். பிராக்கெட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, புதிய பின்னில் மெல்லிய கிரீஸ் பூசினேன். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு ஏற்பட்டு ஒன்றோடொன்று இறுகிவிடும் என்பதால் இந்தக் கிரீஸைத் தவிர்க்கக் கூடாது.

ஸ்பிரிங்தான் கையைக் கடிக்கும் இடம். இடப்பக்கத்து ஸ்பிரிங்கும் வலப்பக்கத்து ஸ்பிரிங்கும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. மாற்றிப் போட்டால் பெக் மடங்கிய பிறகு திரும்பி வராது. ஸ்பிரிங்கை அழுத்தி ஒரு கேபிள் டையால் கட்டிவிட்டு, அதன் ஒரு முனையை பெக்கின் அடியிலும் மறு முனையை பிராக்கெட்டிலும் நிறுத்தினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை விட்டுத் துளைகளை நேர்ப்படுத்தி, அதைத் துரத்திக்கொண்டு பின்னை உள்ளே தள்ளினேன். பிறகு டையை வெட்டினால் ஸ்பிரிங் தானே இடத்தில் உட்காரும். பெரிய பின் சாய்வாக நிற்கும் வண்டிகளில் அதன் தலை மேலே இருக்கும்படி நுழைப்பது நல்லது. ஸ்பிளிட் பின் எங்காவது விழுந்துவிட்டாலும் பெரிய பின் தன் எடையாலேயே கொஞ்ச நேரம் தங்கும்.

இனி என் புகாருக்கு வருகிறேன். பெரிய பின்னின் முனையிலிருந்த துளை 3.2 மில்லிமீட்டர், பெட்டியில் கொடுத்திருந்த ஸ்பிளிட் பின்னோ 2 மில்லிமீட்டர் துளைக்கு உரியது. ஸ்பிளிட் பின்னின் அளவு என்று குறிப்பிடுவது அது போகவேண்டிய துளையின் விட்டத்தைத்தான். மெல்லிய பின் பெரிய துளையில் அதிரும். அதிர்ந்தால் வளைத்த இடத்தில் ஒடியும். அளவில் பொருந்தவில்லை என்று தெரிந்தும், கையில் வேறு இல்லாததால் அதையே மாட்டினேன். அது என் தவறு. சுமார் 300 கிலோமீட்டர் ஓடிய பின் வண்டியைக் கழுவும்போது வலப்பக்கத்து ஸ்பிளிட் பின்னின் ஒரு கால் ஒடிந்து காணாமற்போயிருந்தது. பெரிய பின்னும் நெல்மணி அளவுக்கு வெளியே நகர்ந்திருந்தது. எழுந்து நிற்கும் நேரத்தில் அது முழுதாகக் கழன்றிருந்தால் என் உடலின் பாதி எடை காற்றில் நின்றிருக்கும். அன்றே 3.2 அளவுள்ள பின்களை வாங்கி, ஒரு காலைப் பெரிய பின்னின் முனைமீது மடித்தும் மறு காலைச் சுற்றி வளைத்தும் மாட்டினேன். ஒருமுறை வளைத்த ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடியும் பயன்படுத்தக் கூடாது.

பெக்குக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் சிறிய ஆட்டத்தைக் கண்டு பயந்து வாஷர்களைத் திணிக்க வேண்டாம். நான் திணித்துப் பார்த்தேன். மேலே மடித்த பெக் மடங்கியபடியே நின்றது. வண்டி சாயும்போது பெக் தரையில் பட்டால் மடங்க வேண்டும்; விட்டவுடன் திரும்ப வேண்டும். கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை.

புது பெக் பழையதைவிட 10 மில்லிமீட்டர் தாழ்வாக உட்காருகிறது. அதனால் கியர் லீவரையும் பின் பிரேக் பெடலையும் அதற்கேற்ப இறக்க வேண்டியிருந்தது. பெடலை இறக்கும்போது அதன் தொடக்கத்தில் சிறிது வெற்று அசைவு மீதமிருக்கிறதா, பின் சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். பெட்டியிலிருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வளைவில் பெக் முன்னைவிடச் சீக்கிரம் தரையைத் தொடும் என்பதையும் அதில் எழுதவில்லை.

எஃகுப் பற்களில் இரண்டு, 1,000 கிலோமீட்டருக்குள் தளர்ந்தன. மரைகளில் ஒட்டியிருந்த எண்ணெயை நீக்கி, நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திரெட் லாக்கை (மரை தளராமல் பிடிக்கும் பசையை) ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு விட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்க வண்டியை எடுக்காமல் விட்டேன், அதன்பின் தளரவில்லை. திரெட் லாக்கை மரையில் மட்டுமே இட வேண்டும். பெக் சுழலும் பின்னில் அது பட்டால் கிரீஸ் போட்டதற்கே பொருளில்லாமல் போகும்.

ஸ்பிளிட் பின்னின் அளவு தவறு என்று, ஒடிந்த துண்டின் படத்தோடு விற்றவருக்கு எழுதினேன். வருத்தம் தெரிவித்து, பத்து நாளில் மாற்றுப் பொதி ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தேன்: அதிலும் 2 மில்லிமீட்டர் பின்களே இருந்தன.