மூங்கில் தூண்டிலா, ரீலா: ஐப்பசியில் விராலுக்கு எதை எடுப்பது?

வீட்டில் இரண்டும் இருக்கின்றன. பெரியப்பா கொடுத்த 14 அடி மூங்கில் கழி திண்ணை உத்திரத்தில் செருகிக் கிடக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் வாங்கிய 7 அடி ராடும் (தூண்டில் கோல்), அதில் மாட்டி நூலைச் சுற்றுகிற ஸ்பின்னிங் ரீலும் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன. ஐப்பசி பிறந்துவிட்டால் என் கை கதவுக்குப் பின்னால்தான் போகிறது. மூன்று மழைக்காலம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்த பிறகு வந்த பழக்கம் இது.

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு சின்ன ஏரி. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தால், தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் திரும்பி, வடவாறு வழியே வீராணத்துக்கு வந்து, அப்புறம்தான் எங்கள் ஏரிக்கு வரும். மீன் குத்தகை எடுத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் தூண்டில் போடுவேன். அவர் குஞ்சு விட்டு வளர்க்கும் கட்லா, ரோகு பக்கம் போவதில்லை. எனக்கு வேண்டியது விரால்.

விலை, எடை, பஸ்ஸில் கொண்டுபோகும் வசதி இதெல்லாம் பார்த்தாலே தெரிந்துவிடும். மூங்கில் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கும், ஆனால் டவுன் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ரீல் செட்டுக்கு எனக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, இரண்டாகப் பிரித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். பராமரிப்பில் மட்டும் ஒரு பேச்சை மறுக்க வேண்டும். மூங்கிலுக்குப் பராமரிப்பே கிடையாது என்பார்கள். அப்படியில்லை. வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த கழிதான் உளுக்காமல் நிற்கும். அவசரத்துக்கு வெட்டிய கழியில் மறுவருஷமே கணுவுக்குக் கீழே மாவு கொட்ட ஆரம்பிக்கும். விரால் இழுக்கிற இழுப்பில் முறிவதும் அந்த இடத்தில்தான். ரீலுக்கு வேண்டியது நல்ல தண்ணீரில் ஓர் அலசல், ஈரம் துடைப்பது, மாசத்துக்கு ஒருமுறை கைப்பிடி அச்சில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். வண்டல் கலந்த தண்ணீரில் மட்டும் முங்க விடக்கூடாது. நறநறவென்று சத்தம் வந்துவிட்டால் கழற்றித் துடைக்கிற வரை போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவு விலையைப் பார்த்து வந்ததில்லை, பராமரிப்பைப் பார்த்தும் வந்ததில்லை. காற்றைப் பார்த்து வந்தது.

டெல்டாவில் நிலம் கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் ஏரிக்குக் கரை கிழக்கே இருக்கும். பெரிய வீராணமும் அப்படித்தான், எங்கள் ஏரியும் அப்படித்தான். கரைமேல் நின்றால் நாம் பார்ப்பது மேற்கே. ஆடியில் மேலைக்காற்று நேராக முகத்தில் அறையும். ஏரியில் மிதக்கிற வெங்காயத்தாமரை முழுக்கக் கரையோரம் வந்து அடையும். விராலும் அதன் நிழலிலேயே வந்து கிடக்கும். அப்போது மூங்கிலை அடிக்க ஆளில்லை. தாமரைக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி தெரிந்தால் போதும், கழியை நீட்டி நரம்பைச் செங்குத்தாக இறக்கலாம். காற்று எவ்வளவு அடித்தாலும் முள் அந்த ஓட்டைக்குள் இறங்கிவிடும். அதே காற்றுக்கு எதிராக, ரீல் நூலில் கட்டுகிற போலி இரையான ரப்பர் தவளையை வீசினால் பாதி தூரத்தில் அது எழும்பி நின்றுவிடும், நூல் வயிறு தள்ளிக்கொண்டு பக்கவாட்டில் போகும்.

ஐப்பசியில் இது தலைகீழ். விடியற்காலையில் காற்றே இருக்காது, ஏரி கண்ணாடியாகக் கிடக்கும். பத்து மணி வாக்கில் கொண்டல், அதாவது கீழைக்காற்று, எழும்பும். முதுகுக்குப் பின்னாலிருந்து அடிக்கிற காற்று. கரையோரம் இருந்த வெங்காயத்தாமரை ஒரு மணி நேரத்தில் பாய் நகர்வது போல நகர்ந்து நடு ஏரிக்குப் போய்விடும். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்து, எதிர்க்காற்று ஒரு மூச்சு வீசி, மழை கொட்டி ஓயும். பிறகு மறுபடி அசைவில்லாத தண்ணீர். ஒரே நாளில் நாலு காற்று. மீனும் அந்தத் தாமரைப் பாயோடு இடம் மாறுகிறது.

14 அடிக் கழியில் அதே நீளத்துக்கு நரம்பு கட்டினாலும் எட்டுவது எட்டு ஒன்பது மீட்டர். கொண்டல் எழும்பிய பிறகு விரால் அதற்கு அப்பால் போய்விடும். இது எனக்கு உறைத்தது போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். நானும் பெரியப்பாவும் மதகுக்குத் தெற்கே நின்றிருந்தோம். காலையில் அவர் கழியில் இரண்டு விரால். அப்புறம் காற்று எழும்பியது, தாமரை விலகியது, அவருடைய நெட்டித் தக்கை வெறும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. "காத்து திரும்பிடுச்சு தம்பி, இனிமே இங்க ஒண்ணும் நிக்காது, கெளம்பு" என்றார். அவர் அனுபவத்தில் அது நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு எட்டுகிற தண்ணீரில் அப்போது மீன் இல்லை.

நான் ரீலை எடுத்தேன். முதுகுக்காற்று தவளையைத் தூக்கிக்கொண்டு போய் முப்பது மீட்டருக்குப் பக்கத்தில், தாமரைப் பாயின் மேலேயே போட்டது. இலைமேல் இழுத்து, விளிம்புக்குக் கொண்டுவந்து, தண்ணீரில் பொத்தென்று விழவிட்டு, ஒரு மூச்சு நேரம் நிறுத்தினேன். தவளைக்குக் கீழே தண்ணீர் முதலில் லேசாக உப்பியது. அப்புறம் ஒரு வாய் திறந்து மூடிய சத்தம், குடத்தைக் கவிழ்த்து அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். உடனே ராடை வெடுக்கென்று வெட்டி இழுக்கக்கூடாது. விரால் இரையைக் கவ்வித் திரும்பி, நூல் நகர ஆரம்பித்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணி வெட்டினேன். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அன்றைக்கு மழை வருவதற்குள் இன்னொன்றும் கிடைத்தது. பெரியப்பா கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்றுக்கு ஏற்ற மாதிரி ஒரே இடத்தில் நின்று தூரத்தையும் கோணத்தையும் மாற்றிக்கொள்ள ரீல் விடுகிறது. மூங்கிலோடு நாம்தான் நடக்க வேண்டும். மழையில் ஊறிய கரைக் களிமண்ணில் 14 அடிக் கழியைத் தூக்கிக்கொண்டு கருவேல மரத்துக்கு நடுவில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும்.

ஆனால் ரீல் கையில் இருந்தாலே போதாது. காற்றில் நூலை அடக்கத் தெரிய வேண்டும், முதல் வருஷம் எனக்கு அது வரவில்லை. தவளை தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன்னால் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்பை விரலால் தொட்டு நூலைத் தடுக்க வேண்டும். விழுந்ததும், வீசுவதற்காகத் திறந்த ரீலின் கம்பி வளையத்தைக் கையாலேயே மூடி, தொய்வு போக ஒரு இழுப்பு இழுத்த பிறகுதான் சுற்ற வேண்டும். கைப்பிடியைச் சுழற்றி வளையத்தை மூடினால் தொய்ந்த நூல் சுருளாக உள்ளே போய், அடுத்த வீச்சில் முடிச்சாக வெளியே வரும். ஈரமான பிரெய்டு நூலில் (இழைகளைப் பின்னிய நூல்) விழுந்த முடிச்சை அவிழ்க்க அரை மணி நேரம் ஆகும், பல நேரம் வெட்டித்தான் போட வேண்டும். பக்கக்காற்றில் ராடு நுனியைத் தண்ணீரை ஒட்டித் தாழ்த்திப் பிடித்தால் நூல் வயிறு தள்ளாது. எதிர்க்காற்றில் தலைக்கு மேலே வீசாமல் இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் வீசினால் ஓரளவு தப்பிக்கலாம். ஓரளவுதான்.

இரையைப் பற்றியும் ஒன்று. மூங்கிலுக்கு நிஜத் தவளை கோப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். நான் விட்டுவிட்டேன். தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல் தவளையை மூட்டை மூட்டையாகப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஏற்றுமதியை 1987-ல் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். நம் நெல்வயலில் பூச்சியைத் தின்று காவல் காக்கிற உயிர் அது. ரப்பர் தவளை ஒன்று இரண்டு சீசனுக்கு உழைக்கிறது, விராலுக்கும் அதில் குறை தெரியவில்லை. மூங்கிலிலேயே நிற்கிறவர்கள் மண்புழு கோத்தால் போதும். ஜிலேபி மீனும் கெளுத்தியும் தாராளமாக எடுக்கும், விராலும் எப்போதாவது எடுக்கும்.

நீலகிரி மலையில் ட்ரௌட் மீன் பிடிக்கிறவர்களின் முறை இரண்டிலும் சேராதது. அவலாஞ்சிப் பக்கம் போய்வந்த நண்பன் ஒருவன் அந்த ஃப்ளை ராடை வீட்டு வாசலில் வீசிக் காட்டினான். அவர்கள் கட்டுகிற இறகுப் பூச்சிக்கு எடையே கிடையாது. நூல்தான் கனம், கனமான நூல் பூச்சியைக் கொண்டுபோகிறது. ரீலில் தவளையின் கனம் நூலைக் கொண்டுபோகிறது. பூச்சியை வீச ராடு முதுகுக்குப் பின்னாலும் நீளமாக நூலை விரிக்க வேண்டும். எங்கள் கரையில் பின்னால் கருவேல மரம். அதனால் அதை நான் யோசிக்கவே இல்லை.

இடி விஷயத்தில் ரீல்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இப்போது வருகிற ராடுகளில் பலவும் கார்பன் கலந்தவை, மின்சாரத்தைக் கடத்தும். முதல் இடிச் சத்தம் கேட்டதும் ராடைக் கீழே வைத்துவிட்டு, கரையை விட்டு இறங்கி, கட்டடம் எதற்குள்ளாவது போய்விடுங்கள். மரத்தடிக்குப் போகாதீர்கள். மூங்கில் வைத்திருந்தாலும் திறந்த கரையில் நிற்பது ஆபத்துதான். வாய்க்காலுக்கு மேலே போகும் மின்கம்பிக்குக் கீழே எந்தக் கழியையும் தூக்காதீர்கள்.

புதுத்தண்ணீர் வரும் வாரங்களில் ஏரி ஓரத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் ஒன்று மேலே வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் அதற்குக் கீழேயே இருக்கும், எதைப் போட்டாலும் கோபத்தில் பாயும். ரீல் வைத்திருப்பவனுக்கு அது கைக்கெட்டுகிற மீன். போடாதீர்கள். பெரிய மீன் போய்விட்டால் அந்தக் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடும்.

என் அனுபவம் குட்டையும் சின்ன ஏரியும்தான். கொள்ளிடத்து ஓடும் தண்ணீரில் வாளைக்கு இந்த ரீல் தாங்குமா என்று கேட்டால், நான் போட்டுப் பார்த்தது இரண்டே முறை, இரண்டு முறையும் வெறுங்கை. பெய்ட்காஸ்டர் வகை ரீலை நான் கையில் எடுத்ததில்லை. மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி, மீன் குழியில் ஒதுங்கிவிட்ட பிறகு ரீலுக்கு வேலையே இல்லை, அப்போது கழியை இறக்கிக்கொள்கிறேன். அக்கா மகளுக்கு ஜிலேபி பிடிக்கக் கற்றுக்கொடுப்பதும் அந்தக் கழியில்தான். தக்கை முங்குவதைப் பார்த்துத் தூக்கிப் பழகிய பிறகு ரீல் பழகினால் கை சீக்கிரம் படியும்.

பழைய ரீல் யாரிடமாவது வாங்குகிறவர்கள் கடையிலேயே இரண்டு பார்த்துக்கொள்ளுங்கள். நூல் ஓடும் உருளையை விரலால் சுற்றிப் பாருங்கள், நின்று நின்று சுற்றினால் விட்டுவிடுங்கள், அது நூலை அறுக்கும். அப்புறம் கைப்பிடியை மெதுவாகச் சுற்றிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மணல் சத்தம் கேட்டால் எந்த விலைக்கும் வேண்டாம். பிரெய்டு நூல் சுற்றும்போது அடியில் கொஞ்சம் சாதா நரம்பு சுற்றிவிட்டு அதன்மேல் சுற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விரால் இழுக்கும்போது மொத்த நூலும் ஸ்பூலின் மேலேயே வழுக்கும்.